தேர் கொடுப்பார் உளர். வழி கொடுப்பார் யார்?

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்பது தமிழ் படித்தார் அனைவரும் அறிந்த செய்தி. "கொழுகொம்பு ஒன்று நட்டால் அமையாதோ? தேரையோ கொடுப்பது?" என்று வகுப்பில் ஒரு மாணவனாவது வினவாத ஆண்டு இல்லை. தமிழ் மரபு அதற்குக் கொடைமடம் என்று பெயர் தந்து அமைதி கூறும்.

இக்காலத்திலும் தேர் கொடுப்பார் உளர். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று ஒரு பண்டிகை அணுகினால் போதும். இத்தனை ரூபாவுக்குப் பொருள் வாங்குங்கள், கூப்பனை நிரப்பிப் பெட்டியில் இடுங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மோட்டார் கார் உங்களுக்கே என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. கடைவாயிலில் புதுக் கார் ஒன்று சிவப்பு நாடா கட்டி மணப்பெண் போல நிற்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்குரிய கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. ஐந்தாண்டுப் பஞ்சம் கண்ட நாட்டில் கார் ஒன்று பரிசாக வருமென்றால் யாருக்குத்தான் ஆசை பிறவாது?

பரிசு கொடுப்பாரையும் பெறுவாரையும் நான் குறை கூறேன். நோயாளியும் முதியோரும் உள்ள வீட்டுக்குக் கார் ஒரு வரப்பிரசாதம். என் வினா வேறு. காரைக் கொடுப்பவர், அது ஓடுதற்குரிய இடத்தையும் சேர்த்துக் கொடுக்கின்றாரா? இல்லை. இடம் முன்னரே இருக்கின்றது. அதில் முன்னரே ஒருவன் போய்க்கொண்டிருக்கின்றான். அவன் துவிச்சக்கர வண்டியில் போகின்றான். புதுக் கார் வீதிக்கு வரும்போது அவன் என்ன ஆவான்?

இதனைக் கேட்க எனக்குச் சிறிது உரிமை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிலேயே போய் வருகின்றேன். இப்பொழுது என் வண்டி பழையது, வீதி புதியது. வீதி புதிதாகப் புதிதாக வேகம் கூடுகின்றது. காப்பெற் வீதியின் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே சில இடங்களில் அரை முழப் பள்ளம். பின்னால் வரும் வான் ஹோர்ன் அடித்தபடி உரசிக்கொண்டு முந்தும்போது, சைக்கிளில் செல்லும் பிள்ளை போகக்கூடிய இடம் அந்தப் பள்ளம் ஒன்றே. கையிற் கட்டுடனும் முழங்காற் காயத்துடனும் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். "எப்படி விழுந்தாய்?" என்றால், "வான் வந்தது, ஐயா, ஒதுங்கினேன்" என்பர். ஒதுங்கினேன் என்ற சொல்லில் குற்றம் முழுவதையும் அந்தப் பிள்ளை தன்மேல் ஏற்றுக்கொள்கின்றது. அதுதான் என் நெஞ்சை வருத்துகின்றது.

யாழ்ப்பாணத்தார்க்குத் துவிச்சக்கர வண்டி விளையாட்டுப் பொருளன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கே எரிபொருள் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கிக்கொண்டு ஓடின. எஞ்சிய பாரமெல்லாம் சைக்கிளின்மேல் விழுந்தது. வாழைக்குலையும் விறகும் அதில் வந்தன. நோயாளியும் அதில் வந்தார். ஆசிரியரும் மாணவரும் அதில் வந்தனர். பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. யூலை மாதத்தில் கியூ.ஆர். முறைப் பங்கீடு வந்தது. கார் உடையாரும் கொட்டிலின் மூலையிற் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தனர். வரிசை ஒழிந்தது; சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போயிற்று. அதனோடு, சைக்கிளில் இருந்தபோது கற்ற பாடமும் மூலைக்குப் போய்விட்டதோ என்று ஐயுறுகின்றேன்.

"வீதி மோட்டாருக்கு உரியது, சைக்கிள் ஒதுங்கித்தான் போகவேண்டும்" என்பார் உளர். அவர் வரலாறு அறியார். இங்கிலாந்தில் வீதிகளைச் செப்பனிடவேண்டும் என்று கேட்பதற்கு ஒரு சங்கம் 1886ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அதனை எழுப்பியவர்கள் துவிச்சக்கர வண்டிக்காரர். கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். அவ்வண்டி வீதிகளை நிறைப்பதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது. கார் இன்று மெத்தென்று ஓடுகின்றதே, அந்தக் காற்றடைத்த ரயரைப் பாருங்கள். ஜோன் டன்லப் அதனை முதலிற் செய்தது தம் சிறுமகனுடைய மூன்று சில்லு வண்டிக்கு. 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் வண்டிக்காகப் பிறந்த ரயரின்மேல் ஏறிவந்து, மிதிப்பவனை "ஒதுங்கு" என்பது நன்றியுடைய செயல் அன்று.

நம் இலக்கியத்துள் தேர் ஏறியவர் எவ்வாறு சென்றனர் என்பதையும் சிறிது நோக்குவோம். நற்றிணையில் உலோச்சனார் பாடிய நெய்தற் பாட்டொன்று உண்டு. தலைவன் இரவில் தேரேறி வரவேண்டும். வழி கடற்கரை. மணலில் நண்டுகள் ஓடித் திரிகின்றன. தேராழியின் பக்கத்தில் அவை அகப்பட்டு நசுங்கிவிடாதபடி வலவன் வாரை ஆராய்ந்து பிடித்துச் செலுத்துவதற்கு ஏற்ப, கானலில் நிலவு விரிந்துவிட்டது என்கின்றாள் தோழி. தலைவனோ காதல் மிகுதியால் விரைகின்றவன். அவனுடைய அவசரத்தைவிட இக்காலத்துச் சாரதியின் அவசரம் பெரிதாக இருக்க முடியாது. ஆயினும் நண்டுக்கு வழி கிடைக்கின்றது.

அகநானூற்றில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றான். கார்காலம், காடெங்கும் பூ. பூந்தாதை உண்ணும் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேர்மணியின் ஓசை அவற்றைக் கலக்கிவிடும் என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். காதோரத்தில் ஹோர்னை அலறவிட்டுச் சிறுவனைத் திடுக்குறச் செய்யும் சாரதிகள் இப்பாட்டைப் படிக்கவேண்டும். படிக்க நேரமில்லையாயின் யாராவது சொல்லியேனும் கேட்கவேண்டும்.

விபத்து நேர்ந்தபின் நிகழவேண்டியது யாது என்பதற்கும் கதை உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனுடைய மகனின் தேர்க்காலில் ஒரு கன்று இறந்தது. "கன்று குறுக்கே பாய்ந்தது" என்று எவரும் சொல்லியிருக்கலாம், அது உண்மையுங்கூட. அரசன் அந்த வாதத்தில் அமைதி கொண்டானல்லன். ஈழத்துக்கும் இக்கதையில் பங்கு உண்டு. மகாவம்சம், எல்லாளன்மேல் இதையொத்த கதையைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொல்கின்றது. எல்லாளன் சென்ற தேரின் நுகத்தடி ஒருமுறை தூபி ஒன்றில் இடித்துச் சில கற்களைப் பெயர்த்துவிட்டது. அரசன் தேரினின்றும் இறங்கி வீதியிற் கிடந்து, "இச்சில்லினால் என் தலையை அரிக" என்றானாம். கதையின் அளவு பெரிது. அதன் உட்பொருள் எளிது. எவன் கையில் தேர் இருக்கின்றதோ அவன் தலையில் பொறுப்பும் இருக்கின்றது. இடித்தது தேர், ஆகவே முதலில் இறங்கவேண்டியவன் தேரில் இருந்தவன்.

இது பழங்கதை என்று தள்ளத்தக்கதன்று. பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவை 2022 சனவரியில் திருத்தப்பட்டபோது இதனையே முதல் விதியாக வைத்தது. பெருந்தீங்கு செய்யவல்ல வாகனத்தைச் செலுத்துபவருக்கே பெரும்பொறுப்பு என்பது அதன் சாரம். பொறுப்புக்கு அளவுகோலும் உண்டு. ஜேர்மனியில் 2020இல் வந்த திருத்தத்தின்படி, துவிச்சக்கர வண்டியை முந்தும் வாகனம் ஊருக்குள் ஒன்றரை மீற்றரும் ஊருக்கு வெளியே இரண்டு மீற்றரும் விலகிச் செல்லவேண்டும். ஒன்றரை மீற்றர் என்பது நம் கணக்கில் மூன்று முழத்துக்குச் சற்று மேல். மூன்று முழம் விடுவதற்கு இடமில்லையாயின், இடம் வரும்வரை பின்னால் மெதுவாக வருவதே முறை.

ஏன் இவ்வளவு விலக்கு? காரின் நிறை ஆயிரம் கிலோவும் அதற்கு மேலும் வரும். சைக்கிளின் நிறை இருபது கிலோவுக்குள் அடங்கும். வேகம் இருமடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படிக்கும் மாணவனுக்குத் தெரியும். மணிக்கு முப்பது கிலோமீற்றரில் வரும் காருக்கும் அறுபதில் வரும் காருக்கும் இடையில் சில வேளைகளில் ஓர் உயிரே நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலக வீதிகளில் ஓராண்டில் இறப்போர் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வரையில். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தோரும் துவிச்சக்கர வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் சென்றோருமே. சுற்றித் தகடு இல்லாதவர்களே மிகுதியாக மாள்கின்றனர்.

"நம் நாட்டில் இவை நடவா" என்று பெருமூச்சு விடவேண்டியதில்லை. சைக்கிள் நாடு என்று இன்று புகழப்படும் நெதர்லாந்து, ஒருகாலத்தில் காருக்கு வீதியை விட்டுக்கொடுத்த நாடுதான். 1971இல் அங்கே வீதி விபத்துக்களில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதிக்கு இறங்கினர். "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்பதே அவ்வியக்கத்தின் பெயர். பெயரைக் கவனியுங்கள். அவர்கள் அதனை விதி என்று சொல்லவில்லை. விபத்து என்றும் சொல்லவில்லை. சொல்லைத் திருத்தினர், பின்னர் வீதி திருந்தியது. "ஒதுங்கினேன், ஐயா" என்று கூறும் நம் பிள்ளையின் சொல்லையும் நாம் திருத்தியாகவேண்டும். "அவர் எனக்கு இடம் விடவில்லை, ஐயா" என்று சொல்ல அது பழகட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நடுவுநிலைமையன்று. மாணவர்காள், உங்களுக்கும் சில சொல்வேன். மூவர் தோள்சேர்ந்து கதைத்தபடி வீதியை அடைத்துச் செல்வது எந்த நூலிலும் அறமாகாது. ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு வரும்போது சந்தியில் காலூன்றி இருபுறமும் பார்க்கவேண்டும். திரும்பும் முன் கை காட்டவேண்டும். ஒரு கையில் கைத்தொலைபேசி, மறு கையில் உயிர் என்று வண்டி ஓடாதீர்கள். எல்லாவற்றிலும் முதலாவது விளக்கு. முன்னாளில் டைனமோ உரசும் ஒலி கேட்டே இன்னார் வருகின்றார் என்று சொல்லுவோம். இன்று இருளில் இருளாகவே பலர் வருகின்றனர். கடற்கரை வலவனுக்கும் நண்டைக் காட்ட நிலவு வேண்டியிருந்ததே! காணப்படாதவனைக் காப்பது நல்ல சாரதிக்கும் அரிது.

ஆயினும் இருவர் தவறும் ஒரே நிறையுடையன அல்ல. சைக்கிளோட்டி தவறினால் பெரும்பாலும் அழிபவன் அவனே. சாரதி தவறினால் அழிபவன் இன்னொருவன். இவ்வேறுபாட்டை மறந்து, "இரு திறத்தாரும் கவனமாக இருக்கவேண்டும்" என்று பொதுப்படச் சொல்லி முடிப்பது எளிது. அது நியாயம் ஆகாது.

ஆதலின் தேர் கொடுப்பார்க்கு என் விண்ணப்பம் இது. காரின் திறப்பைக் கையளிக்கும் மேடையில் மூன்று முழ விலக்கையும் ஒரு வாய்மொழியாகப் பெறுங்கள். பரிசு பெறுபவர் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளின் வண்டிகளுக்கு விளக்குகள் வாங்கிக் கொடுங்கள். ஒரு காரின் விலையில் அது கடுகளவும் ஆகாது. வீதி அமைப்போர், காப்பெற்றின் விளிம்பை மண்ணோடு சமப்படுத்தித் தரட்டும். பாடசாலைச் சூழலில் வேகத்தைக் கட்டட்டும். நிறுத்திய காரில் இருப்பவர், வீதிப் பக்கத்துக் கதவை அதற்கு அப்பாலுள்ள கையால் திறக்கப் பழகட்டும். அப்போது உடல் திரும்பும்; கண்ணும் திரும்பும்; பின்னால் வரும் பிள்ளை தெரியும்.

கண் திரும்புவதுதான் முழுச் செய்தியும். பாரியின் புகழ் அவன் தேரைக் கொடுத்ததனால் மட்டும் வந்ததென்று நான் கருதவில்லை. தேர் பலர் கொடுத்திருக்கின்றனர். அவன் தேரில் விரைந்து போகும்போதே வழியோரத்திற் பற்றுக்கோடின்றி ஆடிய ஒரு மெல்லிய கொடியைக் கண்டான். கண்டவன் நின்றான், நின்றவன் இறங்கினான். கொடை அதன்பின் வந்தது. இன்று தேர் பெறுவார் எவரும் அதனை முல்லைக்குக் கொடுக்கவேண்டியதில்லை. தேரில் இருந்தபடியே வழியோரத்தைக் காணும் அந்தக் கண் போதும். அதனைக் குலுக்கலில் வழங்க இயலாது. வகுப்பறையிலும் வீட்டிலும் நாமே வழங்கவேண்டும்.