நாலு புள்ளி, ஒரு கோடு



கலந்தாய்வு முடிந்து பொறியியல் கல்லூரிகள் திறக்கும் நேரம் இது. இரண்டு மாதமாக அலுவலகத்துக்கு வரும் கடிதங்களிலும் போன்களிலும் பெற்றோர் கேட்பது ஒன்றேதான். "பையனுக்கு ஏ.ஐ. குரூப் கிடைச்சிருக்கு, சேர்க்கலாமா?" தாராளமாகச் சேருங்கள். சேர்ந்தபிறகு அந்தப் பிள்ளைக்கு வகுப்பறையில் என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

சென்ற பிப்ரவரியில் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடம் 'சாஃப்ட் கம்ப்யூட்டிங்'. தமிழில் மென்கணிமை என்கிறோம். ஃபஸி லாஜிக், நியூரல் நெட்வொர்க், ஜெனிடிக் அல்காரிதம் மூன்றும் இந்த ஒரு கூரைக்குள் வரும். கச்சிதமான சூத்திரம் கிடைக்காத இடத்திலும் வேலைக்கு ஆகிற ஒரு விடையைக் கண்டுபிடிக்கும் கலை என்று சொன்னால் பெரிதாகத் தவறில்லை.

முதல் நாள் அந்த ஆசிரியை கரும்பலகையில் நாலு புள்ளி வைத்தார், சதுரமாக. வாசலில் கோலம் போட வைப்பதைப் போல. "உங்க வீட்டு மாடிப்படி லைட்டை நினைச்சுக்கோங்க. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ரெண்டும் ஒரே நிலையில இருந்தா லைட் எரியாது, மாறி இருந்தா எரியும்." எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டு புள்ளிகளுக்கு மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டார். அவை எரியும் புள்ளிகள். மற்ற இரண்டும் அணைந்தவை. "ஒரே ஒரு நேர்கோடு போட்டு மஞ்சளை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமும் பிரிச்சுக் காட்டுங்க."

அறுபது பேரும் நோட்டைத் திறந்து ஸ்கேலை எடுத்தார்கள். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. ஆசிரியை வாயே திறக்கவில்லை. கோட்டைச் சாய்த்துப் பார்த்தார்கள், நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு பையன் எழுந்து, "முடியாது மேம்" என்றான். "ஏன் முடியாது?" என்று கேட்டுவிட்டு மறுபடி மௌனம். கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவி, "ஒரு கோடுதான் போடணுமா மேம்? ரெண்டு போட்டா நடுவுல மஞ்சள் மட்டும் மாட்டும்" என்றாள். பலகைக்கு வந்து சாய்வாக இரண்டு இணைகோடுகள் போட்டாள். இடையில் இரண்டு மஞ்சள் புள்ளிகள், ஓரத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அதற்குப் பிறகுதான் ஆசிரியை நியூரான் என்ற சொல்லையே எடுத்தார். ஒரு நியூரான் என்பது ஒரு கோடு. வரும் ஒவ்வொரு எண்ணையும் ஒரு வெயிட்டால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. அந்தப் பெண் போட்ட இரண்டு கோடுகளும் இரண்டு நியூரான்கள். புத்தகத்தில் 'ஹிடன் லேயர்' என்று அச்சாகியிருப்பதை அவள் தன் கையாலேயே வரைந்துவிட்டாள்.

இந்த நாலு புள்ளிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1958இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ரோசன்பிளாட் 'பெர்செப்ட்ரான்' என்ற ஒற்றை அடுக்கு வலையைக் கொண்டுவந்தபோது, இனி இயந்திரம் எல்லாம் கற்றுவிடும் என்று ஊரே பேசியது. 1969இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒரு புத்தகம் எழுதி, இந்த மாடிப்படி விளக்கைக்கூட அதனால் கற்க முடியாது என்று காட்டினார்கள். ஆர்வம் வடிந்துபோனது. பல அடுக்கு வலைக்கு வெயிட்டுகளைக் கற்றுக்கொடுக்கும் முறையை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986இல் 'நேச்சர்' இதழில் எழுதிய பிறகுதான் காற்று திசை மாறியது. அந்த ஹின்டனுக்குத்தான் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பத்து நிமிடம் ஸ்கேலோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு இந்தக் கதை வெறும் வருடக்கணக்காகத் தெரியாது. தானும் அதே சுவரில் முட்டிக்கொண்டவன் அல்லவா!

இரண்டாம் நாள் ஃபஸி லாஜிக். பாகூவில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லாட்ஃபி ஜாதே 1965இல் எழுதிய கட்டுரையில் இருந்து பிறந்த துறை. ஆமா, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு என்று அவர் சொன்னபோது, கணிதக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நம் வீடுகளில் இதை யாரும் மறுத்ததில்லை. உப்பு தேவையான அளவு என்றுதானே சமையல் குறிப்பே எழுதுகிறோம்?

அன்று வகுப்பில் பேசியது கவுந்தப்பாடிப் பக்கத்து மாணவன் ஒருவன். அவன் அப்பா கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். முந்தின வாரமே ஆசிரியை அவனிடம், "எப்போ கொப்பரையை இறக்கணும்னு அப்பாவுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பியிருந்தார். அவன் ஒரு தாளில் எழுதி வந்திருந்தான். கொதி பொங்கி வந்தால் தீயைக் குறை. பாகு கரண்டியில் இருந்து தண்ணியாக ஒழுகினால் தீ அப்படியே இருக்கட்டும். இழுத்து இழுத்து விழுந்தால் தீயை நன்றாகக் குறை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கையில் உருட்ட வந்தால் இறக்கு.

"தெர்மாமீட்டர் வெச்சுக்க மாட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள். "கரும்புக்குக் கரும்பு பதம் மாறுமாம். எண் சொன்னா ஏமாந்துடுவோம்னார்."

ஆசிரியை அந்தத் தாளை அப்படியே பலகையில் ஏற்றினார். 'தண்ணி', 'இழுவை', 'உருட்டுப் பதம்' மூன்றுக்கும் மூன்று கூரை வடிவங்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறியபடி. ஒரே பாகு ஒரே நேரத்தில் 0.7 அளவுக்கு இழுவை, 0.3 அளவுக்கு உருட்டுப் பதம். இரண்டு விதியும் அந்தந்த அளவுக்குப் பேசும். பேச்சையெல்லாம் சேர்த்து, தீயை எவ்வளவு வைப்பது என்று கடைசியில் ஒரே எண்ணாக இறக்குவதுதான் 'டிஃபஸிஃபிகேஷன்'. அந்தப் பையன் தன் அப்பாவின் சொற்கள் பலகையில் கணக்காக மாறுவதை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

லண்டன் குயின் மேரி கல்லூரியில் இப்ராஹிம் மம்தானியும் அவர் மாணவர் அசிலியனும் எழுபதுகளின் நடுவில் செய்ததும் இதைத்தான். ஒரு சின்ன நீராவி இயந்திரத்தை ஓட்டுகிறவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே விதிகளாக எழுதி, கட்டுப்பாட்டுக் கருவியாக்கினார்கள். பிறகு டென்மார்க்கில் சிமென்ட் சூளைக்கு அது போனது. 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில், குலுங்காமல் புறப்பட்டு நிற்க இதைக் கற்றுக்கொண்டது. நம் வீட்டு வாஷிங் மெஷினில் ஒட்டியிருக்கும் 'ஃபஸி லாஜிக்' ஸ்டிக்கரும் அதே வம்சம்.

இவ்வளவு சொல்லக் காரணம், இதே பாடத்தை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். ஜெனிடிக் அல்காரிதம் என்றால் வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. 0 முதல் 31 வரை உள்ள எண்களில் எதன் வர்க்கம் பெரியது? ஐந்து இலக்க இரும எண்களை எடுத்து, வெட்டி ஒட்டி, தலைமுறை தலைமுறையாகத் தேட வேண்டும். 13 மார்க். பிள்ளைகள் வரி பிசகாமல் எழுதிவிடுவார்கள். விடை 31 என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கே தெரியுமே, எதற்காகத் தேடுகிறோம் என்று கேட்க வகுப்பில் நேரம் இருப்பதில்லை. லேபிலோ, எழுதிவைத்த நிரலை நாலு வரியில் கூப்பிட்டு, வந்த படத்தை ரெக்கார்ட் நோட்டில் ஒட்டினால் தீர்ந்தது. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. சிலபஸ் குறுகிய காலத்தில் முடிய வேண்டும் என்ற ஆசிரியர்களின் நெருக்கடியும் புரிகிறது.

மூன்றாம் நாள் அந்த ஆசிரியை 31ஐத் தொடவே இல்லை. கல்லூரி பஸ்ஸை எடுத்துக்கொண்டார். காலையில் 15 நிறுத்தங்களில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்கு வர வேண்டும், எந்த வரிசையில் போனால் டீசல் குறையும்? சாத்தியமான வரிசைகள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கும் மேல் என்று ஒருவன் கால்குலேட்டரில் போட்டுச் சொன்னதும் வகுப்பு அமைதியானது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கில்லை என்பது அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பிறகு இரண்டு வழித்தடங்களை நடுவில் வெட்டி மாற்றி ஒட்டச் சொன்னார். ஒட்டிப் பார்த்தால் பஸ் சூலூரில் இரண்டு தடவை நிற்கிறது, சோமனூரில் நிற்கவே இல்லை. சோமனூர்ப் பெண் ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். வரிசைக் கணக்கில் வெறும் வெட்டு ஒட்டு உதவாது, வேறு விதமாகக் கலக்க வேண்டும் என்பதை இனி அவர்கள் மறக்கப்போவதில்லை.

1975இல் ஜான் ஹாலண்ட் புத்தகமாக எழுதிய இந்த ஜெனிடிக் அல்காரிதம் யோசனையை வைத்து, நாசா 2006இல் ஏவிய எஸ்.டி.5 செயற்கைக்கோள்களுக்கு ஆன்டெனா வடிவமைத்தார்கள். பார்த்தால் குழந்தை கோணல்மாணலாக வளைத்த கம்பி மாதிரி இருக்கும். எந்தப் பொறியாளரும் காகிதத்தில் வரையத் துணியாத வடிவம் அது, ஆனால் விண்வெளியில் வேலை செய்தது. சிவில், மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த விஷயத்தில் நாம் பின்தங்கியவர்களும் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றிய எஸ்.என். சிவானந்தமும் எஸ்.என். தீபாவும் எழுதிய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் சாஃப்ட் கம்ப்யூட்டிங்' இந்தியா முழுக்கப் பாடப்புத்தகமாகப் போயிருக்கிறது. நல்ல புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேல், ஒரு சாக்பீஸ், பத்து நிமிட மௌனம். அதற்கு மட்டும் இடம் கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். நிரல் பிறகு ஓடட்டும்.

அடுத்த இதழில் இருந்து இரண்டு பக்கம் உங்களுக்காக ஒதுக்குகிறோம். ஒரு கருத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நீங்கள் வகுப்பில் செய்த ஒன்றை, எந்தப் பாடமானாலும் சரி, எழுதி அனுப்புங்கள். மாணவர்களும் எழுதலாம். கரும்பலகையை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துச் சேர்த்தனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்,
ஆசிரியர்