அறிவித்தலுக்கு முந்திய செலவு

கடுகண்ணாவ இறக்கத்தில் ஒரு தனியார் வேன் மோட்டார் சைக்கிளில் மோதுகிறது, சைக்கிளில் வந்தவர் மறுநாள் பேராதனை வைத்தியசாலையில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேன் உரிமையாளர் அன்று மாலையே காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழைக்கிறார். மதிப்பீட்டாளர் வந்து நசுங்கிய முன்பக்கத்தைப் படம் எடுத்துப் போகிறார். சாரதியைப் பிணையில் எடுக்க உரிமையாளர் தனக்குத் தெரிந்த சட்டத்தரணியைப் பிடிக்கிறார். தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. தவணைக்குத் தவணை பணம் போகிறது. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, காலாவதிச் சட்டம் தந்த அவகாசம் முடியும் தறுவாயில், இறந்தவரின் குடும்பம் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுகிறது. அதே சட்டத்தரணி தோற்றுகிறார், தவணை வாங்குகிறார், மறுமொழியும் தாக்கல் செய்கிறார். அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவர் கேட்கிறார்: "இன்சூரன்ஸுக்குச் சொன்னீங்களா?" உரிமையாளருக்குத் திகைப்பு. "சேர், அது வண்டிக்குத்தானே, வழக்குக்கு இல்லையே?"

கடிதம் போகிறது. பதிலும் வருகிறது: இனிமேல் வழக்கை நாங்கள் நடத்துகிறோம், கடிதம் கிடைத்த நாளுக்கு முன் செலவானதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

இப்படியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வரும் கட்சிக்காரர்களுக்கு நம்மில் பலர் கொடுக்கும் ஆலோசனை பிழையான கதவைத் தட்டுவதாக இருக்கிறது. தாமதத்தைப் பற்றியே வாதாடுகிறோம். தாமதத்தால் நிறுவனத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை, விபத்து நடந்த அன்றே அவர்களுக்குத் தெரியும் என்று எழுதுகிறோம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பணம் சிக்கிக் கிடக்கும் இடம் அதுவல்ல.

பொலிசியை எடுத்துப் பாருங்கள். வழமையான மோட்டார் வாகனப் பொலிசியில் இந்த விடயத்தைத் தொடும் வாசகங்கள் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. ஒன்று நிபந்தனைகள் பகுதியில் வரும்: விபத்து, கோரிக்கை, அழைப்பாணை, நடக்கவிருக்கும் வழக்கு அல்லது மரண விசாரணை எதுவானாலும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இன்னொன்று மூன்றாம் தரப்புப் பொறுப்பைப் பற்றிய பகுதிக்குள்ளேயே வரும்: நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்துடன் ஏற்பட்ட செலவுகளை நிறுவனம் செலுத்தும். அதை ஒட்டியே மூன்றாவதும் இருக்கும்: மரண விசாரணையில் ஆளை நிறுத்துவதும் நீதிமன்றத்தில் எதிர்வாதம் நடத்துவதும் நிறுவனத்தின் விருப்பத் தெரிவு.

முதலாவது வாசகம் ஒரு கடமை. அதை மீறினால் விளைவு என்ன, பாதிப்பைக் காட்ட வேண்டுமா என்றெல்லாம் வழக்காடலாம். இரண்டாவது கடமையே அல்ல, காப்புறுதியின் எல்லைக்கோடு. சம்மதமின்றிச் செலவான பணம், நிபந்தனை மீறப்பட்டதால் இழந்த உரிமை அல்ல. தொடக்கத்திலிருந்தே காப்புறுதிக்குள் வராத பணம். உடனே அறிவித்துவிட்டு, சம்மதம் கேட்காமல் தானே சட்டத்தரணியை வைத்துக்கொண்டவருக்கும் இதே பதில்தான் வரும். ஆகவே 'பாதிப்பு இல்லை' என்ற வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், அது முதலாவது வாசகத்துக்கு மட்டுமே விடை.

முதலாவதைப் பற்றி ஆங்கில நீதிமன்றங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் ஆயுள், தீக் காப்புறுதிகளுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பொறுப்புக் காப்புறுதியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் நடைமுறையில் நாம் லண்டன் தீர்ப்புகளையே காட்டுகிறோம். அப்படிக் காட்டுபவர்கள் முழுக் கதையையும் காட்ட வேண்டும். 1966இல் பரட் பிரதர்ஸ் டாக்ஸிஸ் வழக்கில், தனக்கு வந்த அறிவித்தலை அனுப்பாத மோட்டார் சைக்கிளோட்டிக்கு டெனிங் பிரபு கைகொடுத்தார். பொலிஸார் எழுதிய கடிதத்தால் காப்புறுதியாளருக்கு விடயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, பாதிப்பு எதுவுமில்லை என்றார். நமக்குப் பிடித்த மேற்கோள் இது. ஆனால் 1985இல் பயனியர் கொன்கிறீட் வழக்கில் பிங்ஹாம் நீதியரசர், அறிவித்தல் முன்நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால் பாதிப்பைக் காட்ட வேண்டியதில்லை என்று தீர்த்தார். முன்நிபந்தனையாக எழுதப்படாத இடத்தில், 2005இன் ஃபிரெண்ட்ஸ் புரொவிடண்ட் தீர்ப்புக்குப் பின் காப்புறுதியாளருக்கு மிஞ்சுவது, தாமதத்தால் வந்த நட்டத்தைக் கேட்கும் உரிமை மட்டுமே. நம் கையிலுள்ள மோட்டார் பொலிசிகளில் எல்லா நிபந்தனைகளையும் ஒட்டுமொத்தமாக முன்நிபந்தனையாக்கும் ஒரு வரி கடைசிப் பக்கத்தில் வழமையாக இருக்கும். மேற்கோளைத் தேடுமுன் அந்த வரியைத் தேடுவது நல்லது.

அறிவித்தலுக்கு முந்திய எதிர்வாதச் செலவை நேரடியாக எடுத்துப் பேசியவை அமெரிக்க நீதிமன்றங்கள். அங்கும் ஒரே குரல் இல்லை. காப்புறுதியாளரைக் கேட்காமல் தன்னிச்சையாகச் செலுத்திய பணம் என்று கலிபோர்னியா நீதிமன்றங்கள் பொதுவாக மறுக்கின்றன. மேரிலாந்தின் உச்ச மேன்முறையீட்டு மன்றமோ 1997இல் ஷேர்வுட் பிராண்ட்ஸ் வழக்கில், பாதிப்பு நிரூபிக்கப்படாவிட்டால் முந்திய செலவையும் கொடுக்க வேண்டும் என்றது. அவுஸ்திரேலியா இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது: 1984ஆம் ஆண்டின் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம், 54ஆம் பிரிவு. காப்புறுதிதாரர் பின்னால் செய்த தவறுக்காகக் கோரிக்கையை முழுதாக மறுக்க முடியாது. அந்தத் தவறால் எவ்வளவு நட்டம் வந்ததோ அவ்வளவைத்தான் கழிக்கலாம். இந்தியாவில் 2011 செப்டெம்பரில் ஒழுங்குமுறை ஆணையம், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கோரிக்கைகளைத் தள்ளவேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், திருட்டைப் பொலிஸில் உடனே முறையிட்டவருக்குக் காப்புறுதி நிறுவனத்துக்குப் பிந்தி அறிவித்ததற்காகப் பணத்தை மறுக்க முடியாது என்றது. அது வாகனத் திருட்டு, இது வழக்குச் செலவு. அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாதுதான். அறிவித்தல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நீதிமன்றம் முதலில் கேட்டதே, அந்த அணுகுமுறை நமக்கு உதவும்.

நமது மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் இதைவிட அவசரமான ஒரு பொறி இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, உரிமையாளருக்கு எதிரான தீர்ப்பாணைப் பணத்தைக் காப்புறுதி நிறுவனமே பாதிக்கப்பட்டவருக்குச் செலுத்தவேண்டும் என்கிறது. 106ஆம் பிரிவு அதற்கு நிபந்தனை போடுகிறது: வழக்குத் தொடங்குமுன் அல்லது தொடங்கி ஏழு நாளுக்குள் வழக்கைப் பற்றி நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். விபத்தைப் பற்றிச் சொன்ன தொலைபேசி அழைப்பு இதற்குப் போதாது. சட்டம் கேட்பது வழக்கைப் பற்றிய அறிவித்தலை. அதை அனுப்பும் அக்கறை எதிராளிக்கு இல்லாமல் போகலாம், ஆகவே வாதிக்காகத் தோற்றும் சட்டத்தரணியே பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். கணவனை இழந்த பெண் வென்ற தீர்ப்பாணை வெறும் காகிதமாகப் போவதை ஒரு பதிவுத் தபால் தடுக்கும் என்றால், அதை அனுப்பாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வைத்தியர்களின் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியில் நிலைமை இன்னும் இறுக்கம். பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கை இத்துறையில் எல்லோரும் அறிவோம். 1992இல் நிகழ்ந்த ஒரு குழந்தையின் மரணம். மாவட்ட நீதிமன்றம் விதித்த 50 இலட்சம் ரூபா. உயர் நீதிமன்றம் வைத்தியருக்குச் சாதகமாக முடித்தபோது 2001. வென்றவரும் அத்தனை வருடம் வழக்காடித்தான் வெல்கிறார். கண்டியில் ஒரு வைத்தியருக்குக் கோரிக்கைக் கடிதம் வந்தால் அவர் முதலில் போவது கூடப்படித்த சட்டத்தரணி நண்பரிடம். நண்பர் நல்லெண்ணத்தோடு இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுக்கிறார். அதற்குரிய கட்டணம் கிடைக்காமல் போவது சின்ன விடயம். பதிலுக்குள் 'துரதிர்ஷ்டவசமாகக் கவனிக்கப்படாமல்' என்று ஒரு சொல் விழுந்திருந்தால், பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் அங்கேயே மீறப்பட்டுவிடுகிறது. நீதவான் நீதிமன்றத்தில் வழக்கைச் சீக்கிரம் முடிக்கக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டும் சாரதியும் இதையேதான் செய்கிறார்.

நிறுவனங்களின் அச்சம் நியாயமானது என்பதை இதனால்தான் ஏற்கிறோம். வழக்கின் முதல் சில வாரங்களில் நடப்பதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. ஆனால் அந்த அச்சத்தைக் காரணம் காட்டி ஒரு சதமும் தரமாட்டோம் என்பது நியாயமல்ல. பிரதிவாதி உரிய நாளில் தோற்றாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்க்கப்படும். அதை நீக்கக் கேட்பதற்குத் தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாள் மட்டுமே. அந்தக் கெடுவுக்குள் ஓடிப்போய்த் தோற்றிய சட்டத்தரணி காப்பாற்றியது உரிமையாளரை மட்டுமல்ல, தீர்ப்பாணைப் பணத்தைக் கட்டவேண்டிய நிறுவனத்தையும்தான்.

அளவுகோல் ஒன்றை இங்கே முன்வைக்கிறோம். அறிவித்தல் உரிய நேரத்தில் வந்திருந்தால் நிறுவனம் தன் சட்டத்தரணிக்கு என்ன கொடுத்திருக்குமோ அதைக் கொடுக்கட்டும். முதல் தோற்றம், தவணை பெறல், மறுமொழி ஆகியவை யார் செய்தாலும் செய்தே ஆகவேண்டியவை. அவற்றுக்கு நிறுவனத்தின் வழமையான கட்டண விகிதத்தில் பணம் கொடுத்தால் அதற்கு நட்டம் எதுவும் இல்லை. மிகுதி கட்சிக்காரருடையது. மேலே சொன்ன வேன் வழக்கில் பிணைக்கான செலவை நாம் கேட்கமாட்டோம். அது சாரதியின் சுதந்திரத்துக்கான செலவு. மாவட்ட நீதிமன்றச் செலவைக் கேட்போம். மரணம் நடந்ததை மதிப்பீட்டாளரின் அறிக்கை மூலம் அறிந்தும் இரண்டு வருடம் ஒரு கடிதம்கூட எழுதாத நிறுவனம், சம்மதம் கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன் தன் கோவையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. கம்பனிப் பணிப்பாளர்களுக்கான பொறுப்புப் பொலிசிகளில் அவசரச் செலவு வாசகம் பரவலாக இருக்கிறது: சம்மதம் பெற அவகாசம் இல்லாத நிலையில் ஏற்பட்ட நியாயமான செலவைப் பின்னர் அங்கீகரிப்பார்கள், வழமையாக உச்சவரம்பின் 10 சதவீதம் வரை. கொழும்பு கம்பனிப் பணிப்பாளருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை கம்பளைப் பஸ் உரிமையாளருக்கும் அக்குறணை லொறி உரிமையாளருக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, மோட்டார் மற்றும் தொழில்சார் பொறுப்புப் பொலிசிகளில் இப்படியொரு வாசகத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நிறுவனங்கள் தங்கள் கண்டிக் கிளை முகாமையாளர்களுக்கு, முதல் தோற்றத்துக்கான சம்மதத்தை அன்றைக்கே எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தையாவது தரட்டும். கோவை கொழும்புக்குப் போய்த் திரும்பும்வரை நீதிமன்றத் தவணை காத்திருக்காது.

சட்டத்தரணிகளுக்கு: கட்சிக்காரர் கதிரையில் உட்கார்ந்ததும், சம்பவத்தைக் கேட்குமுன், பொலிசியைக் கேளுங்கள். வாகனம், கடை, தொழில், வீடு, எதற்கு எடுத்ததாக இருந்தாலும் சரி. அறிவித்தலையும் சம்மதக் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில், ஆனால் தனித்தனிப் பந்திகளில் எழுதுங்கள். அடுத்த தவணைத் திகதியையும் உங்கள் உத்தேசக் கட்டணத்தையும் குறிப்பிட்டு, அந்தத் திகதிக்குமுன் பதில் வராவிட்டால் எதிர்வாத உரிமையைக் காக்கத் தேவையானதை மட்டும் செய்வதாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே செலவாகிவிட்டிருந்தால் ஒட்டுமொத்தத் தொகையாகக் கேட்காதீர்கள். எந்தத் தவணை, எந்த ஆவணம், எவ்வளவு என்று பிரித்துப் பற்றுச்சீட்டுகளோடு அனுப்புங்கள். மறுப்பு வந்தால் 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குக் கொண்டுபோகவும் அந்தப் பட்டியலே தேவைப்படும்.