குழாயைத் திறந்தால் வெந்நீர்

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தாச்சு. எழுத உட்கார்ந்தால் விஷயம் ஒன்றும் தோன்றவில்லை, மொட்டை மாடியில் பைப் மாட்டின கதைதான் இருக்கிறது. சிரிக்காமல் படிங்க, இதில் ஒரு காயமும் இருக்கு.

நமக்குக் கம்பம். எங்க ஊர்த் தண்ணியைப் பத்தி ஹாஸ்டலில் நான் அடிக்காத பெருமை கிடையாது. தேக்கடிக் காட்டில் தேங்குகிற தண்ணீர், 1895ல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் கரண்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்க பள்ளத்தாக்கில் ஓடுகிறது. ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் திறந்துவிட்ட சமயத்தில் ஆற்றில் இறங்கினால் உடம்பு சிலிர்க்கும். அதே தண்ணீர் சித்திரையில் மதியம் ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக் குழாயில் வரும்போது கை வைக்க முடியாது.

எங்க அப்பத்தாவுக்கு இதில் சந்தோஷம்தான். "கரண்டு இல்லாம, விறகு இல்லாம சுடுதண்ணி வருதுடா" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். போன வருஷம் ஏப்ரலில், மூட்டு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பில் குழாய்த் தண்ணியைப் பிடித்து, அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறது. எழுந்தபோது ரெண்டு பாதத்திலும் கொப்புளம். வலியே தெரியவில்லை. இருபது வருஷ சர்க்கரை வியாதி. நாள்பட்ட சர்க்கரை பாதத்து நரம்பைக் கெடுத்துவிடும், சூடு உறைக்காது. புண் ஆறுவதற்கு ரெண்டு மாசத்துக்கு மேல் ஆனது. டாக்டர் திட்டியது எங்களைத்தான். சர்க்கரைக்காரர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலை ஊறப் போடவே கூடாது. இது எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தண்ணீர் கொதித்தால்தான் சுடும் என்று நினைக்கிறோம். 60 டிகிரி என்றால் ஐந்தாறு விநாடியே பெரியவர்கள் தோலைப் பொசுக்கப் போதும். 50 டிகிரிக்குச் சுமார் ஐந்து நிமிஷம். குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் அதைவிடச் சீக்கிரம். டிவி சீரியல் அரை மணி நேரம்!

அப்புறம் வீட்டில் பெரிய விவாதம். சித்தப்பா, "கறுப்பு டேங்க்கைத் தூக்கி எறி, வெள்ளை வாங்கு" என்றார். நம்ம ஊரில் தண்ணி சுட்டால் எல்லாரும் டேங்க்கைத்தான் திட்டுவார்கள். நான் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மதியம் ரெண்டு மணிக்கு டேங்க்குக்குள் 39. கீழே வந்து பாத்ரூம் குழாயைத் திறந்தால் முதல் சொம்பு 52. அரை வாளி போனதும் தண்ணி தானாக 40க்கு இறங்கிவிட்டது.

கணக்கு சுலபம். முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 300 மில்லி தண்ணி நிற்கும். எங்க மாடித் தளத்தில் வெயிலில் படுத்துக் கிடக்கும் பைப் 15 மீட்டர். ஆக நாலரை லிட்டர். அப்பத்தா பிடித்த டப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும். அதாவது டேங்க் தண்ணி அந்த டப்புக்குள் வரவே இல்லை, காலில் பட்டது முழுக்கப் பைப்பில் நின்ற தண்ணி. டேங்க்கை மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்திருந்தாலும் இந்தக் காயம் பட்டிருக்கும்.

அதனால் என் கட்சி இது: முதலில் குழாயைத் திறந்து விட்டுப் பாருங்க. அரை வாளியில் சூடு குறைந்தால் குற்றவாளி பைப். வாளி வாளியாகப் பிடித்தும் குறையவில்லை என்றால் டேங்க். ப்ளம்பர் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. அவருக்கு டேங்க் மாற்றினால் கூலி, பைப்பை மூடினால் என்ன கிடைக்கும்?

டேங்க்தான் காரணம் என்றாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. கறுப்புக்கு ஒரு நியாயம் இருக்கு: வெளிச்சம் உள்ளே போகாது, பாசி பிடிக்காது. வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய வெள்ளை டேங்க்கில் பாசி மண்டும். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று அடுக்காக வருவதுதான் சரி. அதைவிட மலிவு நிழல். நாலு கம்பு நட்டு மேலே கீற்று, அல்லது நர்சரியில் கட்டுகிற பச்சை வலை. திராட்சைக்குப் பந்தல் போடத் தெரிந்த ஊருக்கு இதையெல்லாம் சொல்லித் தரணுமா? மோட்டாரை விடிகாலையிலேயே போட்டு டேங்க்கை நிரப்பி வைத்தாலும் வித்தியாசம் தெரியும். ஆயிரம் லிட்டரைப் பத்து டிகிரி ஏற்ற சுமார் பதினொன்றரை யூனிட் அளவு சூடு வேண்டும், அரை டேங்க்குக்கு அதில் பாதி போதும்.

துபாயில் இருக்கும் மாமா சொன்ன வித்தை இன்னும் ஜோர். அங்கே கோடையில் கீசரை அணைத்துவிடுவார்களாம். வீட்டுக்குள் இருக்கிற கீசர் தொட்டியில் தண்ணி ஆறிக் கிடக்கும். குளிக்க வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள், பச்சைத் தண்ணிக் குழாயில் வருவதுதான் வெந்நீர் :-)

மார்கழியில் கதை தலைகீழ். கீசர் ஓடியும் வெதுவெதுப்பாகவே வருகிறது என்று எங்க வீட்டில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு தெர்மோஸ்டாட் மாற்றினார்கள். மறுநாளும் அதே வெதுவெதுப்பு. காரணம் கை ஷவர். நுனியை மட்டும் அடைத்துவிட்டு, சூடு, பச்சை ரெண்டு திருகையும் திறந்தே விட்டிருந்தோம். பச்சைத் தண்ணி அதன் வழியே வெந்நீர் லைனுக்குள் புகுந்து, அடுத்த குழாயில் கலந்து வந்தது. கண்டுபிடிக்கிற வழி: கீசருக்குத் தண்ணி போகிற வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்க (கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு!). குழாய் நிற்காமல் ஓடினால் எங்கேயோ கலக்கிறது. சாயங்காலம் மட்டும் இப்படி என்றால் வோல்டேஜைப் பாருங்க. 230 வோல்ட் 180 ஆனால் 2000 வாட் கீசர் சுமார் 1200 வாட்டுக்குத்தான் வேலை செய்யும், இருபது நிமிஷத்தில் காய்கிற தண்ணிக்கு அரை மணிக்கு மேல் ஆகும். போர் தண்ணி வீடுகளில் ஹீட்டர் காயிலில் உப்பு படிந்திருக்கும். அதைக் கழற்றுவது மெக்கானிக் வேலை, நம்ம வேலை இல்லை.

பைப் விஷயம் என்னாச்சு என்றால், பழைய வீட்டை இடித்தபோது அடுக்கி வைத்த நாட்டு ஓடுகள் கொல்லையில் கிடந்தன. பைப்பின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போனேன். பைப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்று இருக்கு, வெயில் நேராகப் படாது. பத்து மீட்டர் முடிந்தது. நேற்று அதே ரெண்டு மணிக்கு அளந்தேன், முதல் சொம்பு 44. மீதி ஐந்து மீட்டருக்கு ஓடு பத்தவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறேன். அப்பத்தா மட்டும், வந்துகொண்டிருந்த வெந்நீரை நான் நிறுத்திவிட்டேன் என்று ரெண்டு நாளாகப் பேசவில்லை.