அண்டை உலகில் அறிவுடையோர் உண்டா?

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முந்தைய மே இறுதி நாட்களில், இஷா தொழுது திரும்பும்போது தென்காசியின் தெற்கு வானில் தாழ்வாக இரு ஒளிமிக்க விண்மீன்கள் தென்படும். இடப்புறத்தது ஆல்ஃபா சென்டாரி. கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே. "வாப்பா, அங்கே நம்மைப் போல யாராவது இருக்காங்களா?" என்று பிள்ளைகள் கேட்டால், "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கிவிடுகிறோம். இது முறையன்று.

வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையில் (42:29) கூறுகிறான். எனவே இக்கேள்வி ஈமானுக்கு முரணானதன்று. ஆயினும், வேற்றுக்கிரகவாசிகளைக் குர்ஆன் அன்றே அறிவித்துவிட்டது என முழங்குவதும் தவறே. அவ்வுயிர்கள் எங்குள்ளன, எத்தகையன என்று அவ்வசனம் விவரிக்கவில்லை.

அறிவியலும் இங்கு அடக்கத்துடனேயே பேசுகிறது. 1960-இல் ஃபிராங்க் டிரேக் அருகிலுள்ள இரு விண்மீன்களிலிருந்து வானொலிக் குறிப்புகளைத் தேடினார். இன்றுவரை எங்கிருந்தும் உறுதியான குறிப்பு கிட்டவில்லை. 2016-இல், ஆல்ஃபா சென்டாரிக் குடும்பத்தைச் சேர்ந்த புராக்சிமாவைச் சுற்றும் கோள் கண்டறியப்பட்டது. அவ்விண்மீன் அடிக்கடி உமிழும் கடுங்கதிர்வீச்சோ அங்கு உயிர் தழைப்பதை ஐயத்திற்குரியதாக்குகிறது. வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் சென்றாலும் அங்கு சேர 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அண்மையில் அறிவுடைய சமுதாயம் இருக்கும் வாய்ப்பு குறைவே என்பது நம் கருத்து.

பிள்ளை மீண்டும் கேட்டால், மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று அவ்விண்மீனைக் காட்டுவோம். அறிந்ததைச் சொல்வோம், அறியாததற்கு "அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்போம். பிள்ளையின் வாயை அடைப்பதற்கு மட்டும் அச்சொல்லைப் பயன்படுத்தாதிருப்போம்.