எண்ணிக்கைக்குள் அடங்காத ஸ்விங்

ஸ்விங் பற்றிக் கதை தொடங்கினால் ஐந்து நிமிடம் போகாது, யாராவது ஒருத்தர் ஃபோனை எடுத்து எண்ணிக்கை காட்டத் தொடங்கிவிடுவார். மைக்கேல் புப்ளேயை மாதம் இத்தனை பேர் கேட்கினம், கவுன்ட் பேசியை இவ்வளவு பேர்தான், பாருங்கோ, பழசின்ர காலம் முடிஞ்சுது. இன்னொரு கூட்டமும் இருக்கு. அவைக்கு 1945க்குப் பிறகு வந்த எல்லாமே குப்பை. இரண்டு கூட்டத்தோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது. முதல் கூட்டத்தோடு கொஞ்சம் பெரிய கணக்கு.

அந்த எண்ணிக்கையையே முதலில் எடுப்போம். புப்ளேயின் பாட்டுகள் அவருடைய பெயரில், அவருடைய அல்பங்களில் ஒழுங்காக இருக்கின்றன. 2011 இல் வந்த அவருடைய நத்தார் அல்பம் ஒவ்வொரு டிசம்பரும் உயிர்த்தெழுகிறது. பேசி 1937 இல் பதிவு செய்த இசைக்கு அந்த வசதி இல்லை. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அங்கே யாரும் தொகுப்புப் போடலாம், போட்டும் தள்ளியிருக்கிறார்கள். அதே மூன்று நிமிட இசை எத்தனையோ அட்டைகளுக்குப் பின்னால் சிதறிக் கிடக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிட்டால் என்ன தெரியப்போகுது?

சரி, அந்தக் காலத்துப் புகழாவது நேர்மையாக அளக்கப்பட்டதா? அதுவும் இல்லை. 'ஸ்விங்கின் அரசன்' என்று முடிசூட்டப்பட்டவர் பெனி குட்மன், ஒரு வெள்ளையர். 1934 இன் இறுதியில் அவருக்கு என்பிசி வானொலியின் 'லெட்ஸ் டான்ஸ்' நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. வாராவாரம் வாசிக்கப் புதிது புதிதாய் இசைக்கோர்வை வேணும். அதை யாரிடம் வாங்கினார்? பிளெட்சர் ஹென்டர்சனிடம். ஹென்டர்சன் கறுப்பினத்தவர். 1920களிலிருந்தே நியூயோர்க்கில் பெரிய இசைக்குழு நடத்தி, ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் அணி பிரிந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்த முறையைச் செதுக்கியவர்களில் ஒருவர். குட்மனுக்கு வழி திறந்த நாட்களில் அவருடைய குழு கலைந்துபோயிருந்தது. 'கிங் போர்ட்டர் ஸ்ரொம்ப்' ஜெலி ரோல் மோர்ட்டன் எழுதியது, ஹென்டர்சன் கோர்த்தது, 1935 இல் ஊரெல்லாம் பரவினது குட்மனின் பெயரில். நிறுவன விளம்பரத்தோடு வரும் வானொலி நிகழ்ச்சிகளும் பெரிய ஹோட்டல்களும் கறுப்பினக் குழுக்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தன. கதவு ஒரு ஆளுக்குத் திறந்து மற்ற ஆளுக்கு மூடினால், யார் பிரபலம் என்ற கேள்விக்கு என்ன பெறுமதி?

குட்மனைத் திட்டுவது எங்கள் நோக்கமில்லை. அவர் நல்ல கிளாரினெட் கலைஞர். டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் தன்னோடு மேடையேற்றினவர், அந்த நாட்டில் அது அன்றைக்குச் சின்ன விசயமில்லை. ஆனால் 1937 மே 11 அன்று ஹார்லெமின் சவோய் நடன மண்டபத்தில் அவருடைய குழுவும் டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவும் நேருக்கு நேர் மோதின. வென்றது வெப். கேட்டு, ஆடி, தீர்ப்புச் சொன்னது தரையில் நின்ற சனம். இரண்டு வருசத்தில் வெப் செத்துப்போனார். இப்ப அவர் பெயர் வருவதே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை அறிமுகப்படுத்தினவர் என்றுதான்.

இன்றைக்கும் இதே கூத்துத்தான். பரோவ் ஸ்டெலாரின் 'பூட்டி ஸ்விங்' கேளாத ஆள் குறைவு. அதில் வெட்டி ஒட்டியிருப்பது லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ரோங் 1938 இல் பதிவு செய்த 'ஓரியன்டல் ஸ்விங்'. பியானோ வாசித்து, பாட்டெழுதி, தன் பெயரிலேயே குழு நடத்தின பெண். லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் மனைவி என்பதைத் தவிர வேறெதுவும் அவரைப் பற்றிச் சொல்லுறேல்லை. அந்த எண்ணிக்கையைக் காட்டி 'புதுசு வென்றுட்டுது' என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: நீங்கள் கேட்பது யாருடைய பாட்டு?

1998 இல் கேப் நிறுவனத்தின் காற்சட்டை விளம்பரத்தில் லூயி ப்ரிமாவின் 1956 ஆம் ஆண்டுப் பாட்டு ஓடியது. அடுத்த வருசம் அதே பாட்டைப் பாடின பிரையன் செட்ஸரின் குழுவுக்கு கிராமி. அதே அலையில் 'சூட் சூட் ரயட்' என்றொரு பாட்டும் கொண்டாட்டப் பாட்டாகப் போனது. துள்ளலாத்தான் இருக்கு, மறுக்கேல்லை. ஆனால் அந்தத் தலைப்பு 1943 இல் லொஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் அமெரிக்கப் படையினர் மெக்சிக்கோ வம்சாவளி இளைஞர்களை அடித்து, உடுப்பைக் கிழித்து எறிந்த சம்பவத்தின் பெயர். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது பெரும்பாலும் அடி வாங்கினவர்களை.

இனிப் பழமைக் கூட்டம். சவோயின் பெரிய ஆட்டக்காரர் ஃப்ராங்கி மானிங், ஸ்விங் அலை ஓய்ந்த பிறகு தபால் திணைக்களத்தில் பல வருசம் வேலை செய்தவர். 1986 இல் கலிஃபோர்னியாவிலிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அதன்பிறகு 2009 இல் இறக்கும்வரை நாடு நாடாகப் போய் லிண்டி ஹொப் சொல்லிக்கொடுத்தார். ஆட ஆட்கள் வந்தால் வாசிக்கவும் ஆள் வேணுமே. நியூயோர்க்கின் கோர்டன் வெப்ஸ்டர், லொஸ் ஏஞ்சலிஸின் ஜொனதன் ஸ்டவுட் போன்றவர்கள் அந்தத் தரைக்காகவே வாசிக்கிறார்கள், கால் எந்த வேகத்தைக் கேட்குதோ அந்த வேகத்தில். 1945க்குப் பிறகு எல்லாம் குப்பை என்றால் இவர்களை எங்க போடுறது? புப்ளேயின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இவர்கள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள், எண்ணிக்கை பார்க்கிறவர்களும் இவர்களைத் தேடப்போவதில்லை.

இன்றிரவு ஹென்டர்சனின் 'கிங் போர்ட்டர் ஸ்ரொம்ப்'பையும் குட்மனின் 1935 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கோ. அதுக்குப் பிறகு ஸ்டெலாரை விட்டுட்டு லில் ஹார்டினின் மூலப் பதிவைத் தேடிப்பிடியுங்கோ. சண்டை பிடிக்க நாங்கள் ரெடி, ஆனால் ஃபோனில் எண்ணிக்கை காட்டாமல் வாங்கோ.