விறைக்கும் கை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிளில் வவுனியாவை அடையுமுன்னரே வலக்கை விறைத்துவிடுகிறதென இளைஞர் சிலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. முன் பிறேக்கை அழுத்துவதும் அக்கையே. ஆதலின் இதனை அற்பமென்று தள்ளலாகாது.

காரணம் யாது? உடற்பாரத்தைக் கைகளில் ஊன்றி, கைபிடியை இறுகப் பற்றுவதே. மணிக்கட்டு நெடுநேரம் வளைந்திருப்பின், அங்குள்ள ஒடுங்கிய வழியிற் செல்லும் நரம்பு நெருக்குண்கிறது; எந்திரத்தின் அதிர்வும் சேரப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் உணர்விழக்கின்றன.

நாம் கூறும் பரிகாரம் எளியது. பெற்றோல் தாங்கியைத் தொடைகளால் அணைத்து, இடுப்பின் வலுவினால் உடலைத் தாங்குங்கள். முழங்கை சற்றே மடங்க, மணிக்கட்டு முன்கையோடு நேராயிருக்கட்டும். பிறேக் பிடியின் சாய்வையும் அதற்கேற்பத் திருத்துவியுங்கள். மணிக்கொருமுறை இறங்கிக் கைகளை உதறுங்கள். இரவிலும் விறைப்பு நீங்காவிடின் வைத்தியரை நாடுங்கள். விரல்கள் உணர்வோடிருந்தாலன்றோ வீடு போய்ச் சேரலாம்!