முள்ளும் நக்ஷத்திர மீனும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது, சீழும் கட்டுகிறது. அதை நோயென்றே எண்ணி வெறுக்கிறோம். உண்மையில் அது உடலின் காவல் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு நக்ஷத்திர மீன் குஞ்சு!

நக்ஷத்திர மீனின் முட்டை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிளந்து, உள்ளீடற்ற உருண்டையாகிறது. பின்னர் ஒரு பக்கம் உட்குழிந்து குடலாகிறது. அக்குடலின் நுனியிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து, உடலுக்குள் ஊர்ந்து திரிகின்றன. குஞ்சின் உடல் கண்ணாடி போன்றதாகையால் இவற்றை உயிருடனேயே நுண்ணோக்கியில் காணலாம்.

1882-ஆம் ஆண்டு, ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டார் ஸர்க்கஸுக்குப் போயிருந்தனர். ‘இவை காவலாளிகளோ?’ என்ற எண்ணம் சட்டென உதித்தது. தோட்டத்து ரோஜா முட்களைக் குஞ்சுகளின் உடலில் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. விடியற்காலையில் பார்த்தால், முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருந்தன!

நம் இரத்தத்து வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்குவதும் இத்தகைய காவலே என்று அவர் வாதித்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே குழந்தையின் காலில் முள் தைத்தால், அதை எடுத்துக் காயத்தைக் கழுவுவோம். வீக்கம் பரவினால் வைத்தியரிடம் தாமதியாது செல்வோம். காவலர் துணை வேண்டுகிறார்கள் என்பதே அதன் பொருள்.